கணினி ஏன் மயங்கி விழுகிறது?

ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில் வாழும் முதியவர் ஒருவர் எனக்கு நெடுநாளைய நண்பர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய பாட்டிமார் பாடிவந்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஊர் ஊராகச் சென்று கேட்டெழுதி, தம் கணினியில் தட்டச்சிட்டு வைத்திருந்தார். ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது, பின்பு நீலமாயிற்று, பின்பு கணினி தானே அணைந்து தானே எழுந்தது. இரண்டு நாளில் நான்கு முறை இவ்வாறு நேரவே, அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குச் சென்றார். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்தார். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும், ஐயா" என்றார்.

அழித்தார், புதிதாகப் போட்டார். ஆறாண்டு உழைப்பும் அதனோடு போயிற்று. பாடியவர்களுள் பலர் இன்று உயிரோடு இல்லை. ஒரு வாரம் சென்றதும் அதே கணினி அதே போல் மீண்டும் இருண்டது!

கோளாறு அவருடைய கோப்புகளில் இல்லை. கணினியின் உறுப்புகளிலும் இல்லை. வரைகலை அட்டையின் 'இயக்கி' என்னும் நிரலில் இருந்தது. புதிதாகப் போட்டபோது, பழுதுற்ற அதே இயக்கியும் இணையத்தின் வழியே தானாக வந்து அமர்ந்துகொண்டது. முந்தைய இயக்கிக்குத் திரும்பிய கால்மணி நேரத்தில் நோய் தீர்ந்தது. பாடல்கள் மட்டும் திரும்பவில்லை.

இத்தகைய இழப்பு நம் ஆசிரியர்களுள் இன்னொருவருக்கு நேரக்கூடாது என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். வினாத்தாளும், நாடகப் படியும், பள்ளி மலரும் இன்று கணினிக்குள்ளேயே பிறந்து கணினிக்குள்ளேயே வாழ்கின்றன. ஆதலின், அக்கருவி மயங்கி விழும்போது எது நோய், எது நோயன்று எனப் பிரித்தறியும் அளவேனும் நாம் அறிந்திருத்தல் நலம். இதற்குப் பொறியியல் கற்றிருக்க வேண்டுவதில்லை. இலக்கணம் கற்பிப்பவர்க்கு இயல்பாக உள்ள பகுத்துப் பார்க்கும் பழக்கமே போதும்.

திரையில் நடப்பது என்ன?

கணினித் திரை என்பது உண்மையில் ஒரு புள்ளிப் பரப்பு. இன்று பெருவழக்காக உள்ள திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 2,073,600 புள்ளிகள். இத்தனைக்கும் நொடிக்கு 60 முறை நிறம் குறித்துத் தர வேண்டும்; அஃதாவது ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் கணக்கு. நடுவண் செயலி வல்லதுதான். எனினும் இவ்வேலை முழுவதையும் அதன் தலையில் ஏற்றினால் ஏனைய வேலைகள் தேங்கிப்போகும். ஆகவே இதற்கென்றே தனி உறுப்பு ஒன்று வைக்கப்பட்டது. அதுவே வரைகலைச் செயலி. அது தனி அட்டையில் அமைந்திருந்தால் வரைகலை அட்டை என்கிறோம். மடிக்கணினிகள் பலவற்றில் அது நடுவண் செயலியோடு ஒன்றாகவே அமைந்திருக்கிறது.

நடுவண் செயலி கடினமான கணக்கைத் தனித்திருந்து தீர்க்கும் சில அறிஞர்களைப் போன்றது. வரைகலைச் செயலியோ ஆயிரக்கணக்கான எளிய பணியாளர்களைப் போன்றது. ஒவ்வொருவரும் செய்வது சிறு கணக்கே. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்கின்றனர். என்விடியா நிறுவனம் 1999இல் 'ஜீபோர்ஸ் 256' என்னும் அட்டையை வெளியிட்டபோது அதனை 'ஜி.பி.யு.' என்று அழைத்து, அப்பெயரை உலகெங்கும் பரப்பிற்று. இன்று நம் மேசைகளில் காணும் வரைகலைச் செயலிகளுள் பெரும்பாலானவை என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களுடையவை.

துரையும் கங்காணியும்

இனி இயக்கிக்கு வருவோம். நம் முன்னோர் வாழ்ந்த தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரை தம் மொழியில் ஆணையிடுவார். தொழிலாளர் தமிழில் வாழ்ந்தனர். இடையே நின்றவர் கங்காணி. துரை சொன்னதைத் தொழிலாளர்க்குப் புரியும்படி சொல்லி வேலை வாங்குவதும், நடந்ததைத் துரையிடம் சென்று சொல்வதும் அவர் கடமை. கங்காணி ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டுவிட்டால், துரை மீதும் குற்றமில்லை, தொழிலாளர் மீதும் குற்றமில்லை. ஆனால் அன்றைய வேலை முழுவதும் கெட்டுப்போகும்.

கணினியில் விண்டோஸ் போன்ற இயங்குதளமே துரை. வரைகலைச் செயலியே தொழிலாளர் கூட்டம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பு நிரலே இயக்கி. துரை மாறினால் பழைய கங்காணிக்குப் புதியவரின் போக்குப் புரியாது; அதுபோல், விண்டோஸ் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே சில கணினிகள் தடுமாறுகின்றன. கங்காணி மட்டும் மாறினாலும் சிக்கலே: புதிய இயக்கி பழைய அட்டையோடு ஒத்துப்போகாமல் நிற்பதுண்டு.

'இயக்கி' என்னும் கலைச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண் வெட்டுவது மண்வெட்டி ஆனாற்போல, இயக்குவது இயக்கி ஆயிற்று. நம் இலக்கியத்தில் இதே வடிவம் ஒரு பெண்தெய்வத்தின் பெயராகவும் வருகிறது. சிலப்பதிகாரத்தில், மதுரைக்குப் புறத்தே இயக்கிக்குப் படையல் இட்டுத் திரும்பும் ஆயர்குல முதியவள் மாதரியிடமே கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். கணினியின் இயக்கிக்குப் படையல் வேண்டுவதில்லை. ஆனால் அதன் சீற்றத்தைக் கண்டவர்கள் இப்பெயர்ப் பொருத்தத்தை எண்ணிச் சிரிக்கக்கூடும்.

முழுக் கணினியும் விழுவது ஏன்?

ஒரு நிரல் தவறு செய்தால் அந்நிரல் மட்டும் நின்றால் போதாதா, கணினி முழுவதும் ஏன் விழ வேண்டும் என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே.

இயங்குதளத்தில் இரண்டு வட்டாரங்கள் உண்டு. புறவட்டாரத்தில் சொற்செயலி, உலாவி முதலியன வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று கெட்டால் அதை மட்டும் மூடிவிடலாம். அகவட்டாரத்தை உட்கரு என்பர். நினைவகம், வட்டு, உறுப்புகள் அனைத்தையும் நேரே தொடும் உரிமை அதற்கு உண்டு. அங்கே ஒரு தவறு நேர்ந்தால், எந்தக் கோப்பின்மீது எது எழுதப்படும் என்று சொல்ல இயலாது. ஆகவே, மேலும் கேடு விளையாதிருக்க இயங்குதளம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நாம் அஞ்சும் அந்த நீலத்திரை உண்மையில் ஒரு காப்பு நடவடிக்கை. (2025இல் மைக்ரோசாப்ட் அந்த நீலத்தைக் கருமையாக மாற்றியது, பொருள் மாறவில்லை.)

வரைகலை இயக்கியை எவ்வட்டாரத்தில் வைப்பது என்பதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில் அது உட்கருவுக்கு வெளியே இருந்தது. அது பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. ஒவ்வொரு கோட்டுக்கும் வாயிலைக் கடந்து போய்வர வேண்டியிருந்தது. விரைவை நாடி, 1996இல் வந்த என்.டி. 4.0 பதிப்பில் அதை உள்ளே கொண்டுவந்தனர். கங்காணிக்குத் துரையின் பங்களாச் சாவியே கிடைத்தது போலாயிற்று. வேகம் கூடிற்று, ஆபத்தும் கூடிற்று. 2007 ஜனவரியில் மக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இயக்கியை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றை வெளியே வைத்து, இன்றியமையாத கூற்றை மட்டும் உள்ளே விட்டனர்.

அத்துடன் ஒரு கடிகாரத்தையும் வைத்தனர். வரைகலைச் செயலிக்கு ஒரு வேலையைக் கொடுத்து 2 நொடிகளுக்குள் மறுமொழி வராவிட்டால், அது உறைந்துவிட்டதாகக் கொண்டு விண்டோஸ் அதனை உலுக்கி எழுப்புகிறது. அப்போது திரை ஒரு கணம் இருண்டு மீள்கிறது. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்குமேல் இவ்வாறு நேர்ந்தாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ, முழுக் கணினியும் நிறுத்தப்படுகிறது. ஆகவே, திரை இருண்டு மீள்வது முதல் எச்சரிக்கை. நீலத்திரை இறுதி அறிவிப்பு.

சான்றுகள் இரண்டு

இது அருகி நிகழும் தொல்லை அன்று. விஸ்டா வெளிவந்த 2007இல் மைக்ரோசாப்டுக்கு வந்து சேர்ந்த நிலைகுலைவு அறிக்கைகளின் கணக்கு, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின் வழியே 2008இல் வெளியாயிற்று. அதில் என்விடியா இயக்கிகளின் பங்கு 28.8 விழுக்காடு, மைக்ரோசாப்டின் சொந்த நிரல்களின் பங்கு 17.9, ஏ.டி.ஐ. 9.3, இன்டெல் 8.8. மிகுதியாக விற்ற அட்டைக்கு மிகுதியான அறிக்கைகள் வருவது இயல்பே ஆதலால், இவ்வெண்களைக் கொண்டு நிறுவனங்களைத் தரம் பிரித்தல் கூடாது. ஆயினும், புதிய இயங்குதளத்தோடு இயக்கிகள் ஒத்துப்போகாதபோது நேரும் விளைவின் அளவை அவை காட்டுகின்றன.

மற்றொன்று 2010 மார்ச்சில் நிகழ்ந்தது. என்விடியா வெளியிட்ட 196.75 என்னும் இயக்கி, சில அட்டைகளின் விசிறியைச் சரிவரச் சுழலவிடாமல் செய்தது. அட்டைகள் சூடேறின. நிறுவனம் அவ்வியக்கியைத் திரும்பப் பெற்றது. ஒரு நிரலின் பிழை, கையால் தொட்டறியக்கூடிய உறுப்பையும் கெடுக்கும் என்பதற்கு இது சான்று. 'புதியது எப்போதும் நல்லது' என்னும் எண்ணமும் இங்கே தகர்கிறது.

நோயை அறிதல்

மருந்தைப் பற்றிப் பாடவந்த வள்ளுவர், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியைத் தேடச் சொன்னார். நாமும் அம்முறையே செல்வோம்.

முதலில் எழுதிவையுங்கள். எந்நேரத்தில் விழுந்தது? எந்நிரல் திறந்திருந்தது? அண்மையில் எது புதுப்பிக்கப்பட்டது? நிறுத்தத் திரையில் தோன்றிய சொற்கள் யாவை? கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டாலே போதும். 'வீடியோ டி.டி.ஆர்.' என்னும் சொற்களோ 116 என்னும் குறியெண்ணோ தோன்றினால், மேற்சொன்ன 2 நொடிக் கடிகாரம் அடித்துவிட்டது என்று பொருள். ஒரு கோப்பின் பெயர் தோன்றுவதும் உண்டு. அது 'என்.வி.' என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா, 'ஏ.எம்.டி.' அல்லது 'ஏ.டி.ஐ.' என்று தொடங்கினால் ஏ.எம்.டி.; 'ஐ.ஜி.டி.' என்று தொடங்கினால் இன்டெல்.

திரையைக் காணத் தவறியவர்களும் கவலற்க. விண்டோஸ் தேடுபெட்டியில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், நாள்தோறும் நேர்ந்த கோளாறுகள் நாட்காட்டி போல் விரியும். 'ஈவென்ட் வியூவர்' என்னும் பதிவேட்டில் 4101 என்னும் எண் இருந்தால், இயக்கி ஒருமுறை உறைந்து மீண்டது என்பதற்கு அது சான்று.

அடுத்தது பகுத்தறியும் சோதனை. கணினியைக் காப்புநிலையில், அஃதாவது 'சேப் மோடு' என்னும் நிலையில் தொடங்குங்கள். அந்நிலையில் நிறுவனத்தாரின் இயக்கி விழித்தெழாது. விண்டோசின் எளிய பொது இயக்கியே திரையை நடத்தும். எழுத்துகள் பெரிதாகவும் கரடுமுரடாகவும் தோன்றும், அது பிழையன்று. இந்நிலையில் நெடுநேரம் விழாமல் நின்றால் ஐயம் இயக்கியின்மேல் வலுக்கிறது. காப்புநிலையிலும் விழுந்தால், காரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். விண்டோஸ் தொடங்குமுன் வரும் முதல் திரையிலேயே கோடுகளும் கறைகளும் தெரிந்தால், இயக்கியைக் குறை கூறுவதில் பயனில்லை. அது அப்போது பணிக்கே வந்திருக்காது. அட்டையோ, கம்பியோ, திரையோதான் பழுது.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தையும் மறக்கலாகாது. வெப்பமும் ஈரமும் தூசியும் ஆண்டு முழுவதும் நம்மோடு இருப்பவை. விசிறி அடைபட்டுச் சூடேறிய அட்டையும் இயக்கிக் கோளாற்றைப் போலவே நடிக்கும். காலையில் நன்றாக இருந்து, பிற்பகலில், அதுவும் கனமான வேலையின்போது மட்டும் விழுந்தால், முதலில் விசிறியைத் துடையுங்கள்.

களையும் முறை

எதைச் செய்யுமுன்னும் முதல் வேலை: கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்தல். காப்புநிலையிலும் இதைச் செய்யலாம். கணினி எழவே மறுத்தாலும், வட்டை மட்டும் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திக் கோப்புகளை மீட்க இயலும். என் நண்பரின் கடைக்காரர் இந்த ஒன்றைச் செய்திருந்தால் அப்பாடல்கள் பிழைத்திருக்கும்.

அதன்பின் எளியதிலிருந்து கடியதற்குச் செல்க.

முதலாவது, திரை உறைந்து நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளோடு 'பி' விசையையும் ஒருசேர அழுத்துங்கள். இது வரைகலை இயக்கியை மட்டும் உலுக்கி எழுப்பும். திறந்த கோப்புகள் மூடப்படமாட்டா. எழுந்ததும் உடனே கோப்பைச் சேமியுங்கள்.

இரண்டாவது, உலாவியைத் திறக்கும்போது மட்டும் தொல்லை வந்தால், அவ்வுலாவியின் அமைப்பில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்பதை அணைத்துப் பாருங்கள். உலாவி அதன்பின் வரைகலைச் செயலியின் உதவியைப் பெரிதும் நாடாது.

மூன்றாவது, இயக்கி புதுப்பிக்கப்பட்ட பின் நோய் தொடங்கியிருந்தால், முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதன்கீழ் அட்டையின் பெயரை இருமுறை அழுத்தி, 'டிரைவர்' என்னும் ஏட்டில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதைத் தேர்க. அப்பொத்தான் மங்கியிருந்தால் பழைய பதிப்பு கணினியில் இல்லை என்று பொருள்.

நான்காவது, அவ்வாறாயின் இயக்கியை முழுதும் நீக்கிவிட்டுத் தக்க பதிப்பை நிறுவுக. இதற்கெனவே 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்னும் இலவச நிரல் ஒன்று உண்டு. அதைக் காப்புநிலையில் ஓட்டுவர். அவ்வேளையில் இணையத்தைத் துண்டித்து வைக்க வேண்டும். இல்லையேல், நீக்கிய இயக்கியையே விண்டோஸ் மீண்டும் இறக்கிக்கொள்ளும். என் நண்பருக்கு நேர்ந்தது இதுவே. புதிய இயக்கியை அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, மடிக்கணினியாயின் அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் முன்னரே இறக்கி வைத்துக்கொள்க.

ஒரு முன்னெச்சரிக்கை. வட்டு மறைக்குறியீடு செய்யப்பட்ட கணினிகள், காப்புநிலைக்குச் செல்லும்போது 'பிட்லாக்கர்' மீட்புக் குறியெண்ணைக் கேட்கக்கூடும். அது 48 இலக்கங்கள் கொண்டது. அதைத் தாளில் எழுதி வைக்காமல் இவ்வேலையில் இறங்க வேண்டா. பள்ளிக் கணினியாயின் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டே செய்க.

இத்தனையும் செய்தும் விழுந்தால், இயக்கி குற்றமற்றது. மின்வழங்கி, நினைவகம், அட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், எது தீர்த்தது என்று அறிய மாட்டோம்.

செய்யத் தகாதவை மூன்று. 'உங்கள் இயக்கிகள் அனைத்தையும் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் நிரல்களை நாடற்க. 2 நொடிக் கடிகாரத்தை 10 நொடியாக நீட்டிவிட்டு நோய் தீர்ந்ததென்று மகிழற்க. அஃது எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டுவது போன்றது. அனைத்தையும் அழித்துப் புதிதாகப் போடுவதை முதல் மருந்தாகக் கொள்ளற்க. அது கடைசி மருந்து.

கூலாயின் கூடங்களில்

இது நம் மேசைக் கணினியின் தொல்லை மட்டுமன்று. ரப்பரும் செம்பனையும் தழைத்த கூலாய் வட்டாரத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். பவர் நிறுவனம், என்விடியாவோடு இணைந்து அங்குள்ள தன் தரவு மையப் பூங்காவில் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை அமைக்கப்போவதாக அறிவித்தது. 430 கோடி அமெரிக்க டாலர் முதலீடு என்று கூறப்பட்டது. படம் வரையப் பிறந்த செயலியே அத்தகைய கூடங்களில் மொழியைக் கற்கும் செயலியாகப் பணிபுரிகிறது. அங்கும் அட்டை உண்டு. அட்டைக்கு இயக்கியும் உண்டு. என்விடியா இயக்கி ஒவ்வொரு கோளாற்றுக்கும் ஓர் எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறது. எடுத்துக்காட்டாக, 79 என்றால் அட்டையோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்பது பொருள். பொறியாளர் முதலில் படிப்பதும் அவ்வெண்ணையே.

இத்துறையில் ஒரு பாடத்தை மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை தருகிறது. 16,384 வரைகலைச் செயலிகளை ஒன்றுசேர்த்து ஒரு மொழி மாதிரியைப் பயிற்றியபோது, 54 நாளில் எதிர்பாராத தடைகள் 419 நேர்ந்தன. அஃதாவது ஏறத்தாழ மூன்று மணிக்கு ஒன்று. அவற்றுள் 58.7 விழுக்காடு வரைகலைச் செயலி சார்ந்தவை. அப்படியிருந்தும், பயிற்சி நேரத்தில் 90 விழுக்காட்டுக்குமேல் பயனுள்ளதாகவே கழிந்தது. எப்படி? எந்திரம் விழாது என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை. விழும் என்றே எண்ணி, செய்த வேலையை அடிக்கடி சேமித்தனர். விழுந்ததும் காரணத்தை விரைந்து கண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர்.

கோடிக்கணக்கில் செலவிடுவோர் கைக்கொள்ளும் அம்முறைக்கு நமக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஒரு சிறு வட்டில் ஒரு படி. வேறொரு வீட்டிலோ இணையக் கிடங்கிலோ மற்றொரு படி. வாரம் ஒருநாள், வகுப்பு முடிந்த பின் பத்து நிமிடம். இயக்கியை என்றேனும் திருத்திக்கொள்ளலாம். அட்டையைக் காசு கொடுத்து வாங்கலாம். மறைந்த பாட்டி ஒருத்தியின் தாலாட்டை எங்குச் சென்று வாங்குவது?

என் நண்பர் மீண்டும் புறப்பட்டிருக்கிறார். எஞ்சியிருக்கும் முதியவர்களைத் தேடித் தோட்டம் தோட்டமாகப் போகிறார். இம்முறை அவர் சட்டைப்பையில் ஒரு சிறு வட்டு இருக்கிறது.